பாரிஸ் தபால் நிலையத்தில் அத்தாவின் பெயர்

அண்ணன் வியன்னாவிலிருந்து போட்ட அட்டை ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி மத்தியானம் வந்தது. முன்பக்கத்தில் ஒரு பெரிய மாதா கோயில். கூரை முழுக்கப் பாய் முடைந்ததுபோல வண்ண ஓடுகள். பின்பக்கத்தில் அண்ணனின் நெருக்கியடித்த எழுத்து. அம்மாவும், தகப்பனாரின் தம்பியான சிச்சாவும் உட்கார்ந்திருக்க, நான்தான் சத்தமாகப் படித்தேன்.

"அம்மாவுக்கும் வஹீதாவுக்கும் ஸலாம். இங்கே பெரிய தபால் நிலையத்தில் போய்க் கேட்டேன். எனக்கு எதுவும் வரவில்லை என்றார்கள். வீட்டில் எல்லோரும் சுகம், அவசரம் ஒன்றுமில்லை என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். ப்ராக் ஸ்டேஷனில் தூங்கும்போது உத்தமனின் ஷூவை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். யானிஸ் தன் ரப்பர் செருப்பைக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டுதான் அரண்மனையெல்லாம் பார்க்கிறான். நாளை ரோமுக்கு ரயில்."

சிச்சா எழுந்து நின்றுவிட்டார்.

"எதுவும் வர்லியா? இன்னாமா சொல்றான் இவன்? நான் தந்தி குட்த்தேன்ல? ரசீது கீதே எங்கிட்ட!"

"திருப்பிப் படி வஹீதா" என்றார் அம்மா.

திருப்பிப் படித்தேன். அதேதான் இருந்தது.

என் அண்ணன் அன்வர் பாஷா மேல்படிப்புக்காக ஜெர்மனி போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கோடை விடுமுறைக்கு முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நண்பர்களோடு கிளம்பிவிட்டான். ஆவடி குவார்ட்டர்ஸ் உத்தமன் ஒருவன். இருவரும் இங்கே ஒன்றாகப் படித்து அங்கேயும் ஒன்றாகப் போனவர்கள். கூட யானிஸ் என்ற கிரேக்கப் பையன். ஒரு மாதத்துக்கு எந்த ரயிலிலும் ஏறலாம் என்று ஒரு டிக்கெட் இருக்கிறதாம். ரயிலிலேயே தூங்கி, ரயிலிலேயே பல் தேய்த்து, ஊர் ஊராக இறங்கிப் பார்ப்பது. கிளம்புவதற்கு முன் எழுதிய கடிதத்தில், அவசரமென்றால் மூன்று ஊர்களின் பெரிய தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு அனுப்புங்கள், போய்க் கேட்டால் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தான். வியன்னாவில் ஆகஸ்ட் மூன்று, ரோமில் பத்து, பாரிஸில் பதினெட்டு.

அவன் கிளம்பியபோது அவசரம் ஒன்றும் இருக்கவில்லை. ஜூலை கடைசியில்தான் வந்தது. எனக்குப் பேசியிருந்த அம்பத்தூர் மாப்பிள்ளை நிஜாமுதீனுக்கு ரியாத் கம்பெனியில் லீவை மாற்றிவிட்டார்கள். அண்ணன் வரும்போது ஜனவரியில் செய்யலாம் என்றிருந்த நிக்காஹ், கல்யாணம் வைக்காத ஸஃபர் மாதம் முடிந்ததும் ஆகஸ்ட் இருபத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை என்று ஆனது. இப்போது விட்டால் அவருக்கு அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

தேதி வைத்த பிறகுதான் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு விஷயத்தைச் சொன்னார். அத்தா பழவேற்காட்டுக்காரர், நாங்கள் ஷாஃபி சட்ட வழியைப் பின்பற்றுபவர்கள். பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் தகப்பன். தகப்பன் இல்லையென்றால் கூடப்பிறந்தவன். சிச்சாவின் முறை அதற்குப் பிறகுதான். அத்தா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. "அண்ணன்காரர் கீறப்போ நீங்க நிக்க முடியாது பாய். அவரு வாயால உங்களுக்கு ஒப்படைக்கணும். எங்க கீறார்னே தெரியல, சேதியே எட்டலன்னா காஜியார் நின்னு முடிச்சுக் குடுக்கலாம். ஆனா மொதல்ல தேடுங்க" என்றார்.

சிச்சா வியன்னாவுக்கு ஒன்று, ரோமுக்கு ஒன்று என்று இரண்டு தந்தி கொடுத்தார். பதில் இல்லை. இப்போது இந்த அட்டை.

தேடும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் அட்லஸ் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதுவும் பள்ளிக்கூட அட்லஸ். அதில் ஜெர்மனி இரண்டாக இருந்தது, இப்போது ஒன்று. ப்ராக் இருந்த நாடு ஒன்றாக இருந்தது, அந்த வருடம் ஜனவரியில் இரண்டாகியிருந்தது. அட்டைகளும் வரிசையாக வரவில்லை. ப்ராக் அட்டை வந்து நான்கு நாள் கழித்து, அதற்கு முந்திப் போன பெர்லினின் அட்டை வந்தது. "எல்லா ஊரிலும் ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு கடிகாரம் இருக்கிறது. காலையில் கண் விழித்தால் எந்த ஊர் என்று யானிஸைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருந்தான். நான் பென்சிலால் கோடு போட்டேன், அழித்தேன், மறுபடி போட்டேன். ஐரோப்பாவின் நடுவில் தாள் நைந்துவிட்டது.

அவனைத் தேடும்போதெல்லாம் எனக்குள் இருந்த குழப்பம் வேறு. அண்ணன் கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன். கிடைத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்? அதுதான் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வேண்டாம் என்றால் இல்லை. இந்த உலகத்தில் வேண்டாம் என்று சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான், அவனோ எங்கேயோ ஒரு ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல என்னிடம் குறை எதுவும் இல்லை. அவரது போட்டோவைப் பல தடவை பார்த்திருந்தேன். ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் நிற்கிறார். கார் அவருடையது இல்லை என்பது நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. கை காரின்மேல் படாமல் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு தடவை அவருடைய அக்கா மூலமாக "வெயில் தாங்குவாளா?" என்று கேட்டனுப்பியிருந்தார். அக்கறையா, பரீட்சையா? நாட்கணக்காக யோசித்தும் முடிவுக்கு வரமுடியவில்லை. கல்லூரி இரண்டாம் வருடம் பாதியில் நின்றுபோகும். அதற்காக அழுகை வந்ததா என்றால், அதுவும் இல்லை. மறுக்க ஒரு காரணம் கிடைக்காததுபோல, ஒப்புக்கொள்ளவும் ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்து அன்று, தொழிற்சாலை லீவு என்பதால், அம்மாவும் நானும் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு உத்தமனின் வீட்டுக்குப் போனோம். அவன் அப்பா கலியமூர்த்தி டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், கும்பகோணம் பக்கத்துக்காரர். கொடியேற்றப் போய்விட்டு வந்து, பாக்கெட்டில் குத்திய காகிதக் கொடியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாங்க. உங்க பையன் தொலைஞ்சு போயிட்டானாமே?"

"ஏங்க, வந்தவங்கள உக்காரக்கூட விடாம" என்று உள்ளேயிருந்து உத்தமனின் அம்மா நாகம்மா அத்தை சத்தம் போட்டார்.

"நான் சொல்லலடி, நம்ம பையன்தான் எழுதியிருக்கான். நேத்துதான் வந்துது. இந்தாம்மா, நீயே படி."

உத்தமனின் அட்டை ரோமிலிருந்து வந்திருந்தது. இரவு ஏறிய ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்துவிட்டதாம். முன்பெட்டிகள் ரோமுக்கு, பின்பெட்டிகள் வெனிஸுக்கு. அன்வர் இடம் தாராளமாக இருக்கிறதென்று பின்பெட்டிக்குப் போய்ப் படுத்திருக்கிறான். "நானும் யானிஸும் ரோமில் இறங்கினால் அன்வர் இல்லை. இரண்டு நாள் ஸ்டேஷனிலேயே காத்திருந்தோம். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தான். தண்ணீரில் தெரு இருக்கிற ஊரைப் பார்த்துவிட்டேன் என்கிறான்." கடைசியில் ஒரு வரி: "அப்பா, வியன்னா தபால் நிலையத்தில் உங்கள் கடிதம் கிடைத்தது."

அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

"மாமா, நீங்க வியன்னாவுக்கு எழுதினது கெடச்சிச்சா?"

"கிடைக்காம? ஒரே வாரத்துல."

"அண்ணனுக்கு சிச்சா அனுப்பின தந்தி கெடைக்கலியே. அதே ஆபீஸ்தானே?"

கலியமூர்த்தி மாமா சிரித்தார். "என்ன பேர் போட்டீங்க?"

"அன்வர் பாஷான்னுதான்."

"அங்கதான் தப்பு. நான் என் பேரையே போட்டு எனக்கே எழுதிக்கிட்டேன். அங்க என் புள்ள பேரு கலியமூர்த்திம்மா! பாஸ்போர்ட் ஃபாரத்துல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருந்துதாம். நமக்கு ஏது குடும்பப் பேரு, இனிஷியல்தான? அப்பா பேரப் போடுன்னு யாரோ சொல்லியிருக்கான், போட்டுட்டான். இப்ப காலேஜ்ல, பேங்க்ல, எல்லா எடத்துலயும் அவன கலியமூர்த்தின்னுதான் கூப்பிடுறானாம். நான் இங்க டாங்கிக்கு போல்ட் முடுக்குறேன், அங்க பரீட்சையும் எழுதறேன்."

"எழுதி என்ன, போன தடவை ஒரு பேப்பர் பெயில்" என்றார் நாகம்மா அத்தை, காபியை நீட்டியபடி.

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. உத்தமனும் அண்ணனும் எங்கள் வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒன்றாகத்தான் அந்த ஃபாரத்தை நிரப்பினார்கள். அந்தக் கட்டத்தில் அண்ணனும் ஷவுகத் அலி என்று அத்தாவின் பெயரைத்தான் எழுதினான். பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு வியன்னாவில் ஒருவர் ஷவுகத் அலிக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருப்பார். பாஷாவுக்கு வந்த தந்தி வேறு ஏதோ ஒரு பெட்டியில் கிடந்திருக்கும். ரோமிலும் அப்படித்தான். அங்கே என் அண்ணன் அன்வர் பாஷா இல்லை.

பஸ்ஸில் அம்மா கேட்டார், "இன்னாமா யோசிக்கிற?"

"ஒண்ணுமில்லம்மா."

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா காபியையும் நாகம்மா அத்தையின் புடவையையும் கவனித்துக்கொண்டிருந்தார், மாமாவின் பேச்சை வேடிக்கையாக எடுத்துக்கொண்டுவிட்டார். விஷயம் என்னிடம் மட்டும் இருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டால் பாரிஸுக்கும் பாஷா பெயரில் தந்தி போகும், அதுவும் கிடைக்காது, காஜியார் வந்து நின்று முடித்துவைப்பார். யாரும் யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லை. அது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகத் தோன்றியது. அந்த நிம்மதியைப் பார்த்துப் பயமாகவும் இருந்தது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத் வீட்டுக்கு வந்தார். வியாழக்கிழமை வரை பார்ப்பது, சேதி இல்லையென்றால் காஜியாருக்குச் சொல்லிவிடுவது என்று முடிவானது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

மறுநாள் காலையில் தபால் நிலையத்துக்கு நானே போனேன். தந்தி வாங்கும் பத்மா அக்கா எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தேன். முதலில் "உடனே சரி சொல்" என்று எழுதினேன். அது சிச்சா எழுதியதுபோல் இருந்தது. "எதுவும் சொல்லாதே" என்று எழுதினேன். அது யார் எழுதியதுபோலவும் இல்லை. கடைசியில், ஞாயிறு வஹீதா நிக்காஹ், உன் வார்த்தை வேண்டும், வியாழன் மாலை நான்கு மணிக்குச் சிச்சா கடைக்கு ஃபோன் செய் என்பதை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

பத்மா அக்கா வார்த்தைகளை எண்ணிக்கொண்டு வந்தவர் பெயரில் நின்றார்.

"இன்னாடி, ஷவுகத் அலின்னு போட்டுகீற? உங்க அத்தா பேராச்சே."

"அண்ணனுக்குதான்கா. அங்க அவன் பேரு அதான்."

"அத்தா பேருல பாரிஸ்ல போய் சுத்திகினு கீறானா? கெட்டிக்காரன்தான்." பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "மனசு ஒரு மாதிரி ஆய்ட்ச்சு போ. போய்ட்டவங்க பேருக்கு நான் தந்தி அடிச்சதே இல்ல."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். சிச்சா தொடையில் தட்டிக்கொண்டார்.

"அட, இது நமக்குத் தோணலியே! பாத்தீங்களா அண்ணி, கல்யாணம்னா புள்ளைக்கு மூளை எப்டி வேல செய்து பாருங்க. நம்மளவிட பொண்ணுக்குதான் அவசரம்!"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை அதுதான் உண்மையோ என்றுகூடத் தோன்றியது.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கே கடையில் கூடிவிட்டோம். டிரங்க் ரோட்டில் சிச்சாவுக்கு இரும்புக் கடை. ஆணிச் சாக்குகளுக்கும் தாழ்ப்பாள் பெட்டிகளுக்கும் பின்னால் அம்மாவும் நானும் உட்கார ஸ்டூல் போட்டிருந்தார்கள். மேசைமேல் ஃபோன். அதற்கு எதிரே ஹஜ்ரத். காத்திருக்கும் நேரத்தில், எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, அவர் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று விளக்கினார்.

"ரெண்டு சாட்சியோட வந்து சம்மதமான்னு கேப்பாங்கம்மா. நீ பயப்படாத. கன்னிப் பொண்ணு வாயத் தொறந்து சொல்லணும்னு இல்ல. வெக்கப்பட்டுகினு சும்மா இருந்தாலே போதும், சம்மதம்னு எடுத்துப்பாங்க."

நான் தலையை ஆட்டினேன். சின்ன வயதிலிருந்தே நான் பேசாதவள். கேட்டதற்கு உடனே பதில் வராது. யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். எத்தனை விஷயங்களுக்கு இப்படிச் சம்மதம் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன்.

நான்கு பத்துக்கு ஃபோன் அடித்தது.

"அலோ! அன்வரு! டேய், எங்கடா கீற? கெடச்சிதா தந்தி?" பாரிஸ் வரைக்கும் தன் தொண்டையே எட்டவேண்டும் என்பதுபோல் சிச்சா கத்தினார். லீவு மாறியது, தேதி, ஹஜ்ரத் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினார். "நீ ஒண்ணும் செய்ய வாணாம். சிச்சாவாண்ட ஒப்படைக்கிறேன்னு ஒரே ஒரு வார்த்த, ஹஜ்ரத் காதுல விழறமாரி சொல்லு. இன்னா? அவளா? அவ இங்கதான் கீறா. எதுக்கு?"

ரிசீவர் என் கைக்கு வந்தது. அது சூடாக இருந்தது.

"வஹீதா?"

"அண்ணே."

"தந்தில அத்தா பேரப் பாத்துட்டு எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே புரியல. யாரு யாருக்கு அனுப்பினதுன்னு." பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் எதையோ அறிவித்தது. யாரோ "மச்சான், பிளாட்பாரம் மாத்திட்டானுங்கடா!" என்று கத்தினார்கள், உத்தமனாக இருக்கும். "இரு மாமே" என்று அவனிடம் சொல்லிவிட்டு அண்ணன் கேட்டான். "ஃபோன் கார்டு தீரப்போவுது, சீக்கிரம் சொல்லு. உனக்கு சம்மதமா?"

ஒருவரும் அதுவரை என்னைக் கேட்காத கேள்வி. பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை. கம்பி முழுக்க அலைச்சத்தம்போல ஒன்று போய்க்கொண்டிருந்தது. அண்ணன் காத்திருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஹஜ்ரத்தின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வருவதைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிச்சாவுக்கும் புரிந்துவிட்டது, ரிசீவரை வாங்கக் கையை நீட்டினார்.

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன். கடைக்கு வெளியே நின்றவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

"தெரியலன்னா? வாணாமா?"

"வாணாம்னு இல்ல. வேணும்னும் இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். தெரியல."

பின்னால் அந்த ஒலிபெருக்கிக் குரல் மறுபடி எதையோ அறிவித்தது.

"உனக்கே தெரியலன்னா நான் எப்டிம்மா ஒப்படைக்கிறது?" என்றான் கடைசியில். "சிச்சாகிட்ட குடு."

சிச்சா வாங்கிக் காதில் வைத்தார். "டேய்... இல்லடா... நாயித்துக்கெழமடா... டேய்!" பிறகு ரிசீவரை எடுத்து அதன் முகத்தைப் பார்த்தார். "கட்டாய்ட்ச்சு."

ரோட்டில் ஒரு லாரி போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சிச்சா ஹஜ்ரத்தைப் பார்த்தார்.

"மாட்டேன்னு சொல்லல அவன். சரின்னும் சொல்லல. காஜியார வெச்சு முடிச்சிரலாமா?"

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "ஆளு எட்டலன்னாதான பாய் காஜியார்? இப்பதான் எட்டிட்டாரே. பேசிட்டாரே. பொண்ணும் சும்மா இருக்கல. வாணாம்னு சொல்லியிருந்தா அது ஒரு கணக்கு. தெரியலன்னு..." அவர் நிறுத்தினார். "இத்தினி வருசத்துல எங்கிட்ட யாரும் தெரியலன்னு சொன்னதில்ல."

"நீயே தேடிப் புடிச்சு, நீயே கெடுத்துட்டியே" என்றார் சிச்சா என்னிடம். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அம்மா என் கையைப் பிடித்திருந்தார். "தெரியலன்னா, எப்பம்மா தெரியும்?" என்றார். கிண்டலில்லை, அதட்டலில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

அம்பத்தூருக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சிச்சா ஆட்டோவை நிறுத்திவிட்டு, ஏறாமல் நின்றார். "இன்னான்னு சொல்றது அவங்களாண்ட? பத்திரிகை குடுத்தாச்சு, பந்தல் சொல்லியாச்சு."

"நான் வந்து சொல்றேன்" என்றார் அம்மா. இதுபோன்ற விஷயத்தில் அம்மா வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"நீங்களா அண்ணி? இன்னான்னு சொல்லுவீங்க?"

"பொண்ணு யோசிக்குதுன்னு சொல்லுவேன். ரெண்டு வருசம் அந்தத் தம்பி காத்துகினு இருந்தா இருக்கட்டும், முடியாதுன்னா வேற பொண்ணு பாத்துக்கட்டும்."

அம்மா புர்காவைச் சரிசெய்துகொண்டு பின்னால் ஏறினார். சிச்சா டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். ஆட்டோ கிளம்பிக் கூட்டத்தில் மறைந்தது.

நான் கடை வாசலில் நின்றேன். அவர்கள் காத்திருப்பதாகச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடுத்த நிமிடம், வேறு பெண் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. இரண்டில் எது என்னுடையது என்று பார்த்துக்கொண்டே, அவர்கள் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.